போர்க்காலத்தில் ஊரைத் தாங்கியவர்களுக்கு ஊர் செய்யும் மதிப்பளிப்பு: வன்னிக்கான முழுமையான வழிகாட்டி

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்றில் நின்று வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர் நடந்த ஆண்டுகளில் ஆயுதம் இல்லாமல் சனத்தைக் காத்தவர்கள் வன்னியின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். தாதிமார், மருத்துவிச்சிகள், உழவு இயந்திரத்தில் காயக்காரரை ஏற்றி ஓடியவர்கள், நிவாரணம் பங்கிட்ட கூட்டுறவுச் சங்க மனேச்சர்மார், விதானைமார் (கிராம அலுவலர்), மரத்தடியில் வகுப்பெடுத்த ரீச்சர்மார், பிறகு மிதிவெடி அகற்றப் போன பெண்கள் எல்லாரும் இதில் அடக்கம். இவர்களை ஊர் கூடி மதிப்பளிக்கும் வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதுதான் விடயம்.

புதிதாக இறங்குவோர் தலைகீழாகத் தொடங்குவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே திகதி, மண்டபம், பிரதம விருந்தினர், ஷீல்ட் எத்தனை என்பதெல்லாம் முடிவாகிவிடும். யாருக்கு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். நாள் நெருங்கிய நேரத்தில் ஆள் தேடினால் கண்ணில் படுகிறவர்களும் கமிட்டியின் சொந்தக்காரரும்தான் பட்டியலில் ஏறுவார்கள். முதலில் ஆள், பிறகு சம்மதம், பிறகு செயற்குறிப்பு (அவர் செய்ததைச் சொல்லி மேடையில் வாசிக்கும் சில வசனங்கள்), அனுமதி, நாள், கடைசியில் மேடை. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம்.

1. தொடங்குமுன் தேவையானவை

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கவேண்டும். பதுங்குகுழிக்குள் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியின் கதையை ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம்தான் முழுதாகச் சொல்வார். கடைசிவரை போர் நடந்த பகுதிக்குள் நின்ற ஒருவரும், அந்தக் காலத்தில் வெளியே இருந்த ஒருவரும் குழுவில் இருந்தால் நல்லது. வெளியே இருந்தவர் கேட்கும் சின்னக் கேள்விகளில்தான் கதை தெளிவாகும். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கும் எண்ணமுள்ளவரைச் சேர்க்கவேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பட்டியல் வாக்குப் பட்டியலாகத்தான் பார்க்கப்படும்.

ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி, ஒரு பொதுக் கோப்பு, பூட்டுள்ள அலுமாரி ஒன்று. நான்கு மாத அவகாசம். இதைவிடக் குறைந்த காலத்தில் செய்தால் சம்மதமும் சரிபார்ப்பும்தான் முதலில் அடிபடும்.

எல்லையையும் முதல் கூட்டத்திலேயே வரையுங்கள். எந்தப் பிரிவு, எந்தக் காலம்? 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வோடு வந்து குவிந்த சனத்துக்குச் சோறு போட்டவர்களிலிருந்தா, 2008, 2009 மட்டுமா? முதல்முறை செய்பவர்கள் குறுக்கிக்கொள்வது நல்லது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டதிலிருந்து 2012 செப்ரெம்பரில், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது வரை என்று வைத்தால், இடப்பெயர்வும் முகாமும் இரண்டும் உள்ளே வரும். எல்லையைச் சொல்லாமல் தொடங்கினால், “எங்கட அப்பாவை ஏன் விட்டனீங்கள்?” என்று கேட்டு வருபவருக்குக் கொடுக்கப் பதில் இருக்காது.

2. பெயர் சேகரித்தல்

வீடு வீடாகப் போய் “சேவை செய்தவர்கள் யார்?” என்று கேட்டால் அதிபர், வைத்தியர், விதானையார் என்று பதவிகள்தான் வரும். கேள்வியை மாற்றவேண்டும். “உங்களை ஆர் ஏத்திக்கொண்டு வந்தது?” “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் ஆரிட்டப் போனீங்கள்?” “மா, பருப்பு ஆர் தந்தது?” இப்படிக் கேட்கும்போது பதவியில்லாதவர்களின் பெயர்கள் வெளியே வரும்.

திகதி கேட்கவேண்டாம். ஓடிக்கொண்டே இருந்த சனம் அந்தக் காலத்தை இடமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. மல்லாவி, அக்கராயன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, “எங்க இருக்கேக்குள்ள நடந்தது?” என்று கேளுங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் பாதையும் கொஞ்சம் மாறும், ஆனாலும் ஏணிப்படிபோல அது பிடிப்புத் தரும். மாதத்தைப் பிறகு நீங்களே பொருத்தலாம். கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது 2009 ஜனவரி 2. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறியது பெப்ரவரி தொடக்கம். ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) கப்பலில் காயக்காரரை ஏற்றத் தொடங்கியது பெப்ரவரி 10, கடைசியாக ஏற்றியது மே 9. இந்த நான்கையும் தாளின் ஓரத்தில் குறித்துவைத்தால் பெரும்பாலான சம்பவங்களுக்கு மாதம் கண்டுபிடித்துவிடலாம்.

வழக்கமாக விடுபடுகிறவர்களைத் தனியாகத் தேடவேண்டும். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சங்கக் கூட்டங்களுக்கே பலர் அழைப்பதில்லை, பட்டியலில் எப்படி வரும்? ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவிய சிற்றூழியர், பிணம் புதைத்தவர், மலசலகூடக் கிடங்கு வெட்டியவர் என்று பார்த்தால் இந்தக் குடும்பங்களின் பெயர்கள் அடிக்கடி வரும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் திரும்பி வந்திருக்கின்றன. உங்கள் காலவரை 1990ஐத் தொடுமானால் அவர்களிடமும் போய்க் கேட்கவேண்டும். மாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைச் சின்ன வள்ளத்தில் கப்பலுக்குக் கொண்டுபோன கடற்றொழிலாளர் பெயர் ஒரு பட்டியலிலும் இருக்காது. கிட்டத்தட்ட 14,000 நோயாளரும் உடன் போனவர்களும் அந்த வழியால்தான் வெளியேறினார்கள். மீனவர் சங்கத்தில் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

முகாமையும் மறக்கவேண்டாம். செட்டிகுளத்து மெனிக் பாமில் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர் வைத்த வலயங்களுக்குள், தறப்பாள் கொட்டிலில் படிப்பித்தவர்களும் உண்டு.

3. செயலை வைத்துத் தீர்மானித்தல்

இந்த இடத்தில்தான் கூட்டம் சூடாகும். இயக்கத்தில், அதாவது புலிகள் அமைப்பில், இருந்தவரைச் சேர்ப்பதா? ஆமிக்காரரைப் பற்றி யாராவது நல்லது சொன்னால்?

படையினரை மதிப்பளிக்க அரசுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. இயக்கத்தில் இறந்த மாவீரரின் குடும்பங்களுக்கு அவர்களுடைய மாவீரர் நாள், கார்த்திகை (நவம்பர்) 27, இருக்கிறது. ஊர் மதிப்பளிப்பு இந்த இரண்டின் வேலையையும் எடுத்துத் தலையில் வைக்கக்கூடாது என்பது என் முடிவு. இது பொதுமக்களுக்குச் செய்த காப்புக்கான மதிப்பு. ஒருவர் முன்பு எதில் இருந்தார் என்பதை விட்டு, சனத்துக்கு என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள். புனர்வாழ்வு பெற்று வந்த அண்ணை ஒருவர் காயக்காரரை ஏற்றி இறக்கியதற்குச் சாட்சி இருந்தால், அந்தச் செயல் பட்டியலில் வரலாம். பதவிநிலை, இயக்கப்பெயர், சீருடைப் படம் எதுவும் வரக்கூடாது. அவருக்கு வரக்கூடிய விசாரணைத் தொல்லையை அவரோடு வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் முடிவெடுக்கவேண்டும்.

இராணுவத்தின் பக்கம் கடந்து வந்த வேளையில் ஒரு சிப்பாய் தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார் என்று ஓர் அம்மா சொன்னால், அதையும் கொப்பியில் எழுதுங்கள். மேடைக்கு அது வராது. ஆனால் சொன்னவரின் வாயை அடைத்தால் அடுத்தமுறை அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

4. சம்மதம் வாங்குதல்

பெயர் கிடைத்ததும் பேஸ்புக்கில் போட்டுவிடுகிற பெடியள் இருக்கிறார்கள். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் முதல் நாளே பேசி வையுங்கள். 2009இல் வன்னியில் கடைசிவரை நின்ற மருத்துவர்கள் போர் முடிந்த கையோடு தடுத்துவைக்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்த்த தாதியோ சாரதியோ பெயர் வெளியே வருவதற்குத் தயங்கினால் அதற்குக் காரணம் உண்டு.

சம்மதத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: மேடைக்கு வருவது, அச்சில் பெயர் வருவது, படமும் காணொளியும் வெளியே போவது. பலர் முதலாவதுக்கு ஓம் என்பார்கள், மூன்றாவதுக்கு வேண்டாம் என்பார்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் இவர்கள் முழுவதற்கும் மறுத்துவிடுவார்கள். இன்னும் அரச வேலையில் இருப்பவரிடம், திணைக்களத்தில் சொல்லவேண்டியிருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். மிதிவெடி அகற்றும் நிறுவனத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

கேட்கப் போகிறவர் இருவராகப் போகவேண்டும், பழக்கமான ஒருவர் கட்டாயம். வாசலில் நின்று கேட்டுவிட்டு வரக்கூடாது. தேத்தண்ணி குடித்து, சொல்லிவிட்டு வந்து, ஒரு கிழமை கழித்துத் திரும்பப் போங்கள். முதல் நாள் ஓம் என்றவர் இரவு முழுக்க நித்திரையில்லாமல் இருந்து மறுநாள் வேண்டாம் என்று சொல்வதும் நடக்கும். அப்போது ஏன் என்று கேட்காமல் பெயரை எடுத்துவிடுங்கள்.

அடையாள அட்டை இலக்கம் வாங்கவேண்டாம். தொலைபேசி இலக்கம் ஒரே ஒரு கொப்பியில் மட்டும் இருக்கட்டும். ஊரில் சுற்றும் பட்டியல் யார் கைக்கும் போகும்.

5. செயற்குறிப்பு எழுதுதல்

வேலையின் கனம் முழுவதும் இங்கேதான். செயற்குறிப்பு என்பது மேடையில் வாசிக்கப்போகும் ஐந்தாறு வசனம். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. அவரவர் தனித்தனியாகச் சொன்னதை எழுதிப் பொருத்திப் பாருங்கள். இடம் பொருந்தி, ஆட்களின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் எண்ணிக்கையை விடுங்கள்.

புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த தெய்வம், தன்னலமற்ற சேவைச் செம்மல்.” இதை யாருக்கும் வாசிக்கலாம், அதனால் யாருக்கும் பொருந்தாது. மதிப்புப் பெறுபவர் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். இப்படி எழுதிப் பாருங்கள்:

“2009 மார்ச்சில், மாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். கட்டுத் துணி முடிந்தபோது சேலையைக் கிழித்து அவித்துக் காயங்களுக்குக் கட்டினார். கப்பலுக்குப் போகிறவர்களின் பெயரை எழுதி அவர்களின் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.”

புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. மண்டபத்தில் இருப்பவர்களில் அந்தக் கட்டைப் போட்டுக்கொண்டவர் ஒருவர் இருந்தால் எழுந்து நிற்பார்.

பின்னணி ஒரு வசனம் தேவையானால் சேருங்கள். 2008 செப்ரெம்பரில் ஐ.நா.வினதும் வெளிநாட்டு நிறுவனங்களினதும் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறிய பிறகு, நிவாரணமும் மருத்துவமும் பெரும்பாலும் உள்ளூர் ஊழியர் தோளில்தான் விழுந்தன. கூட்டுறவுச் சங்க மனேச்சரின் செயல் ஏன் பெரிது என்பது வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த வசனத்தால்தான் விளங்கும்.

எழுதி முடித்ததும் உரியவருக்கே வாசித்துக் காட்டவேண்டும். இதைத் தவறவிட்டு, மேடையில் வைத்து “அது நான் இல்லை தம்பி, என்ர அக்கா” என்று திருத்தப்பட்ட நிகழ்வும் உண்டு. கூடவே, தன்னோடு நின்ற வேறொருவரின் பெயரை அவர் அப்போதுதான் சொல்வார். அந்தப் பெயருக்காகப் பட்டியலில் இடம் விட்டு வையுங்கள்.

6. இல்லாதவர்கள்

இறந்தவருக்கான மதிப்பைக் குடும்பத்தில் யார் வாங்குவது என்று குடும்பமே சொல்லட்டும். மூத்த மகன்தான் என்று நீங்கள் முடிவுகட்டவேண்டாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர் வேறு. அவருடைய பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடக்கூடாது. படத்துக்கு மாலை போடக்கூடாது, முன்னால் விளக்கு வைக்கக்கூடாது, பிறப்பு இறப்பு ஆண்டு எழுதக்கூடாது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கி, வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளைக் கேட்டுக் குந்தியிருக்கும் அம்மாக்களின் ஊர் இது. பனர் அடிக்கும் கடைக்காரர் தன் பழக்கத்தில் ‘அமரர்’ சேர்த்துவிடுவார். அச்சுக்குப் போகுமுன் ஒருவர் இதற்காகவே ஒருமுறை வாசிக்கவேண்டும்.

7. அனுமதியும் கடிதங்களும்

பொதுநோக்கு மண்டபம் யாருக்குச் சொந்தமோ அவர்களுக்கு, பிரதேச சபையோ சங்கமோ, கடிதம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. விதானையார் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு ஓர் அறிவித்தல். எல்லாக் கடிதத்திலும் பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்வன்று காலையில் யாராவது வந்து கேட்டால் அந்தப் பிரதிதான் பேசும். பொலிஸுக்குக் கொடுக்கும் தமிழ்க் கடிதத்தோடு சிங்களப் பிரதியும் இணைத்தால், மொழிபெயர்ப்புக்கென்று கடிதம் மேசையில் கிடக்காது.

நிகழ்வின் பெயரைக் கவனமாக வையுங்கள். “போர்க்காலச் சேவையாளர் மதிப்பளிப்பு” என்றால் உள்ளதைச் சொல்கிறது. நினைவேந்தல்களுக்கு நீதிமன்றத் தடையுத்தரவு எடுக்கப்பட்ட அனுபவம் வடக்கில் இருக்கிறது, 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டமும் நெடுங்காலம் தலைக்கு மேல் இருந்திருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னம், கொடி, பாட்டு ஒன்று உள்ளே வந்தால் அதற்கு விலை கொடுப்பது கமிட்டியை விட மேடையில் இருக்கும் மருத்துவிச்சி அம்மாதான். பாட்டுப் போடுகிற சவுண்ட்காரத் தம்பியிடம் பாட்டுப் பட்டியலை முதல்நாளே வாங்கிப் பாருங்கள்.

8. நாள் குறித்தல்

மே மாத நடுப்பகுதி வேண்டாம். அது போரின் கடைசி நாட்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் கிழமை, வீடுகள் துக்கத்தில் இருக்கும். கார்த்திகைக் கடைசியும் வேண்டாம், மழையும் சேர்ந்துவிடும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கல், மடுவில் ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்கள் இருக்கும் நாட்களில் வைத்தால் மண்டபம் வெறுமையாகத்தான் இருக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு, பங்குனியில் ஒரு பின்னேரம் நல்லது. ஞாயிறு காலையில் பூசை, வெள்ளி மதியம் ஜும்ஆ. இரண்டையும் விட்டுச் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி என்றால் எல்லாருக்கும் ஒத்துவரும்.

9. மேடை

வன்னியில் செயற்கைக்கால் போட்டவர்களும் தடியூன்றுபவர்களும் வராத நிகழ்வு இல்லை. மேடைப்படி இரண்டடி என்றால் மேடையை விட்டுவிட்டுத் தரையிலேயே வையுங்கள். மதிப்புப் பெறுவோர் முன்வரிசையில், குடும்பம் பக்கத்தில். தலைவர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தால் ஒன்றும் குறையாது.

வெடி கொளுத்தவேண்டாம். விருந்தினரை வரவேற்கச் சரவெடி கட்டும் வழக்கத்தை இந்த நிகழ்வுக்குக் கொண்டுவந்தால், முன்வரிசையில் இருப்பவர்கள் பதுங்கப் பார்ப்பார்கள். ட்ரோன் கமெராவும் வேண்டாம். மேலே ‘வண்டு’ (ஆளில்லா வேவு விமானம்) சுற்றிய சத்தத்தில் மாதக்கணக்காக இருந்த சனம் அது. வீடியோக்காரருக்கு இதன் காரணத்தையும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இலவசமாகப் பறக்கவிட்டுத் தருகிறேன் என்று கொண்டுவந்துவிடுவார்.

அகவணக்கத்தோடு தொடங்குங்கள். தலைமையுரை பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு ஒவ்வொருவராக: செயற்குறிப்பை வாசிப்பவர் எழுதியதை மட்டும் வாசிக்கவேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது. பொன்னாடையை யார் போர்த்துவது என்பதில்தான் சண்டை வரும். அந்தத் தாதியிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர், அந்த ரீச்சரிடம் மரத்தடியில் படித்தவர், அந்த வண்டியில் ஏறி வந்தவர் போர்த்தட்டும். பாராளுமன்ற உறுப்பினர் வந்தால் கைதட்டட்டும்.

மதிப்புப் பெறுபவரைப் பேசச் சொல்லி ஒலிவாங்கியை நீட்டவேண்டாம். பேச விரும்புகிறவர் முதலே சொல்லியிருப்பார். மேடையில் காசு கொடுக்கவும் வேண்டாம். உதவி தேவைப்படும் குடும்பமென்றால் வேறொரு நாளில், வீட்டில் வைத்துச் செய்யுங்கள். பெயர் அறிவித்துக் கவர் கொடுத்தால் அந்த மனிதர் ஊருக்குக் கடன்பட்டவராகத் தெரிவார். உண்மையில் கடன் மறுபக்கத்தில் இருக்கிறது.

பத்துப் பேருக்கு மேல் ஒரே நாளில் செய்தால் ஏழாவது ஆளுக்கு வரும்போது சனம் கதைக்கத் தொடங்கும். மிச்சப் பேரை அடுத்த ஆண்டுக்கு வைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதை இப்போதே அவர்களிடம் நேரில் சொல்லிவிடவேண்டும்.

10. முடிந்த பிறகு

செயற்குறிப்புகளை ஒரு சின்னப் புத்தகமாகத் தட்டச்சு செய்து, அச்சுக்குச் சம்மதித்தவர்களின் பக்கங்களை மட்டும் கட்டி, பாடசாலை நூலகத்துக்கும் பிரதேச சபை நூலகத்துக்கும் கொடுங்கள். இணையத்திலும் இருக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினால் நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தோடு தொடர்புகொள்ளலாம். கல்வெட்டு வைக்கும் யோசனை எப்படியும் வரும். காணி யாருடையது, வனத்திணைக்கள எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்காமல் கல்லுக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம்.

வரவுசெலவை ஒரு கிழமைக்குள் மண்டப அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

செயற்குறிப்புக்காக வாங்கிய பழைய படங்கள், கடிதங்கள், ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாவற்றையும் வாங்கியவரே நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் எடுக்கவேண்டும். பல இடப்பெயர்வுகள் தாண்டி, பையில் பொலித்தீன் சுற்றிக் காப்பாற்றிய ஒரே படமாக அது இருக்கலாம். ஒரு படமாவது திரும்பாவிட்டால் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கு அந்த ஒழுங்கையில் யாரும் கதவு திறக்கமாட்டார்கள்.